வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு குப்பைமேனி

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ் ஏறினால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் வாளையார், தமிழ்நாடு கேரள எல்லை. டீ ஆறுவதற்குள் போய்விடலாம் என்பார்கள். கோவையில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை. பாலக்காட்டில் அதுவே 2,000 மில்லிமீட்டரை ஒட்டி. இந்த வித்தியாசத்துக்கு நடுவில் ஏறி இறங்க ஒரு மலைகூடக் கிடையாது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறும், குளிரும், மழையைக் கொட்டும். வால்பாறையில் அப்படித்தான் கொட்டுகிறது. கணவாய்க்குள் நுழைந்த காற்றுக்கு ஏற வேண்டிய வேலை இல்லை. ஈரத்தின் பெரும்பங்கைக் கையில் வைத்துக்கொண்டே பல்லடம், உடுமலைப் பக்கம் ஓடிவிடுகிறது. அங்கே காற்றாலைகள் அத்தனை நிற்பதும் அதனால்தான்.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று எல்லைக்கோட்டின் இரு பக்கமும் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து தாவரவியலும் விலங்கியலும் முதலாண்டு படிக்க வந்திருக்கும் மாணவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். உங்கள் பாடத்தில் உயிரியின் உடலமைப்பு ஒரு யூனிட், சூழலியல் ஒரு யூனிட், பரிணாமம் ஒரு யூனிட். மூன்றுக்கும் தனித்தனி ரெக்கார்டு நோட்டு. இந்தப் பிரிவினை நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு களைச்செடியை எடுத்துக்கொண்டால் மூன்றும் ஒரே கேள்வியாகிவிடும்.

அந்தச் செடி குப்பைமேனி. மலையாளத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர், குப்பமேனி. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளுமே, அதேதான். ஒரு செடியைப் பிடுங்காமல், மேலே இருந்து குனிந்து பாருங்கள். கீழ் இலைகளுக்குக் காம்பு நீளம், மேலே போகப் போகக் குட்டை. அதனால் ஓர் இலை இன்னொன்றை மறைப்பதில்லை. தரையில் ஓடு பதித்த மாதிரி இடைவெளி இல்லாமல் அடுக்கியிருக்கும். பூங்கதிரைக் கைலென்ஸில் பாருங்கள். கீழே கிண்ணம் போன்ற பச்சைச் செதில்களுக்குள் பெண்பூக்கள், மேலே நெருக்கமாக ஆண்பூக்கள், கதிரின் உச்சியில் மற்றவற்றைப்போல் இல்லாத வேறு வடிவத்தில் ஒரு பெண்பூ. இந்த உச்சிப்பூவை வரையாமல் விட்டுவிட்டு மார்க் இழப்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது கேள்வி. கிழக்கே கோவையை ஒட்டிய மதுக்கரைப் பக்கத்துக் குப்பைமேனியின் இலையும், மேற்கே பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டுப் பக்கத்துக் குப்பைமேனியின் இலையும் ஒன்றுதானா? இலை காற்றையும் நீராவியையும் உள்ளே வெளியே விடும் நுண்துளைகளை, அதாவது இலைத்துளைகளை, எண்ணிப் பார்க்கலாம். நிறமில்லாத நகப்பாலிஷ், செலோ டேப், ஸ்லைடு, மைக்ரோஸ்கோப் போதும். உச்சியிலிருந்து நான்காவது இலை, முற்றியது, வெயில் படுவது. ஈரத் துணியால் தூசியைத் துடைத்து உலரவிட்டு, அடிப்பக்கத்தில் நடு நரம்பை விட்டுத் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்கு மெல்லிசாகப் பாலிஷ் தடவுங்கள். கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் டேப்பை வைத்து அழுத்தி உரித்து ஸ்லைடில் ஒட்டுங்கள். கவர்ஸ்லிப் தேவையில்லை.

சொதப்புவது எங்கே என்றால், கனமாகத் தடவினால் காற்றுக் குமிழ்கள் மாட்டிக்கொள்ளும். அவை நல்ல வட்டமாக, விளிம்பு கறுத்துத் தெரியும்; இலைத்துளையில் இரண்டு காப்புச் செல்கள் அவரை விதை ஜோடிபோல் எதிரெதிரே இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகும்வரை எண்ண ஆரம்பிக்க வேண்டாம். இளம் இலையின் ரோமம் பாலிஷைத் தோலில் படவிடாது. அரளி இலையில் இந்த முறையே எடுபடாது, ஏனென்றால் அதன் இலைத்துளைகள் குழிகளுக்குள், மயிரிழைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அரளியில் பாலிஷ் வைத்துவிட்டு ‘இலைத்துளையே இல்லை’ என்று எழுதிய ரெக்கார்டு நோட்டுகள் உண்டு.

பிறகு கணக்கு. நான்கு மடங்கு லென்ஸில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் பார்வை வட்டத்தின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 4.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது மடங்கு லென்ஸுக்கு மாறினால் அது பத்தில் ஒன்றாகச் சுருங்கும்: 0.45 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பு 0.159 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 16 இலைத்துளைகள் இருந்தால், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100. வட்டத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவற்றை என்ன செய்வது? மேல் அரைவட்ட ஓரத்தில் இருந்தால் சேருங்கள், கீழ் அரைவட்ட ஓரத்தில் இருந்தால் விடுங்கள். எந்த விதி என்பதைவிட, கடைசி ஸ்லைடு வரை அதே விதி என்பதுதான் முக்கியம்.

ஓர் இலையில் ஐந்து இடம், ஒரு செடியில் மூன்று இலை, ஒரு பக்கத்துக்குப் பத்துச் செடி. ஆக ஒரு பக்கத்துக்கு மட்டும் 150 எண்ணிக்கை. பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். 150 என்பதை அப்படியே, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டில் போட்டால் எந்த வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். ஒரே இலையின் ஐந்து இடங்கள் ஐந்து தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே ஆள் ஐந்து தடவை சொன்ன சாட்சி. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984-இல் இந்தத் தவறுக்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் போலி மறுசெய்கை என்று சொல்லலாம். செடிக்கு ஒரு சராசரி, ஆக ஒரு பக்கத்துக்குப் பத்து எண்கள்தான். இரு பக்கமும் பத்துப் பத்து என்றால் டி மதிப்பு 2.10-ஐத் தாண்டினால்தான், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் தெரியும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு என்று சொல்ல முடியும்.

செடிகளைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். கண்ணுக்கு லட்சணமாகத் தெரிவதைப் பறிக்காதீர்கள். சாலையோரம் 50 மீட்டர் டேப்பை நீட்டி, சீட்டுக் குலுக்கி வந்த எண்ணுக்கு நேராக ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வையுங்கள். சட்டத்தைத் தூக்கி எறிந்தால் குலுக்கல் ஆகிவிடாது. எறிகிற கைக்கும் கண் இருக்கிறது, அது பசுமையைப் பார்த்துத்தான் எறியும். வேர் சட்டத்துக்குள் இருந்தால் மட்டும் எண்ணுங்கள். இலை உள்ளே எட்டிப் பார்த்தால் கணக்கில்லை.

சரி, இரண்டு பக்கத்து எண்ணும் வேறு வேறு என்று வந்துவிட்டது. உடனே ‘வறட்சிக்கு ஏற்பப் பரிணாமம் அடைந்திருக்கிறது’ என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். ஒரே செடியிலேயே வெயில் இலைக்கும் நிழல் இலைக்கும் இலைத்துளை அடர்த்தி மாறும். வளர்ந்த இடத்துக்கு ஏற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்வது நெகிழ்வு. அது விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக மரபணுக்களின் விகிதம் மாறினால்தான் அது பரிணாமம். இன்னொரு சிக்கலும் உண்டு. மழை மட்டும் மாறுவதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கரிசல் மண். மேற்கே போகப் போக வெட்டுகல் மண், அதாவது லேட்டரைட். மழை குறைவு என்பதால் மாறியதா, மண்ணால் மாறியதா என்று இலை தானாக வாய் திறந்து சொல்லாது.

இடத்தால் வந்ததா, விதையிலேயே இருப்பதா என்று முதலில் பிரித்துப் பார்க்க நேரான வழி, இரண்டு பக்கத்து விதைகளையும் ஒரே இடத்தில் வளர்ப்பது. பொதுத் தோட்டச் சோதனை என்று பெயர். ஸ்வீடனில் டுரெஸ்ஸான் என்ற தாவரவியலாளர் 1920-களிலேயே இதைச் செய்தார். அமெரிக்காவில் கிளாசன், கெக், ஹீஸி மூவரும் கலிஃபோர்னியாவில் கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் ஒன்று, மலை நடுவில் ஒன்று, மரங்கள் முடியும் உயரத்தில் ஒன்று என மூன்று தோட்டங்கள் போட்டு, ஒரே இனத்துச் செடியை மூன்றிலும் நட்டு, 1940-இல் வெளியிட்டார்கள். தாழ்நிலத்துச் செடியை உச்சியில் நட்டபோது அது உச்சியின் செடியாக மாறவில்லை, தடுமாறியது. வித்தியாசத்தில் ஒரு பங்கு இடத்தால் வந்தது, ஒரு பங்கு விதையிலேயே இருந்தது.

நம் குப்பைமேனிக்கு இதைக் கல்லூரிப் பின்புறத்திலேயே செய்யலாம். ஓராண்டுச் செடி, செமஸ்டர் முடிவதற்குள் பூத்துவிடும். காய் முற்றிய கதிர்களை ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் தனித்தனிக் காகிதக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் என்றால் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும். விதை கடுகளவுதான். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, எல்லாம் ஒரே குவியலாகக் கலந்து நாற்பது பைகளில் நிரப்புங்கள். கிழக்கு விதைக்கு இருபது, மேற்கு விதைக்கு இருபது. கிழக்குப் பைகளை ஒரு வரிசையிலும் மேற்குப் பைகளை இன்னொரு வரிசையிலும் வைத்தால் சோதனை அன்றைக்கே செத்தது. சுவரோர வரிசைக்கு வெயில் குறைவு என்பது மரபணு வித்தியாசமாகக் கணக்கில் ஏறிவிடும். சீட்டுப் போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். பெஞ்சுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விதை எறும்புக்கு.

இன்னும் ஐந்து பைகளில் எதையும் விதைக்காமல் மண்ணை மட்டும் நிரப்பி, மற்றவற்றைப்போலவே தண்ணீர் ஊற்றுங்கள். குப்பைமேனி குப்பையில் முளைக்கிற செடி. நீங்கள் கொண்டுவந்த எருவிலேயே அதன் விதை இருக்கலாம். இந்த வெறும் பைகளில் முளை வந்தால், மற்றப் பைகளில் நிற்பதும் யாருடைய பிள்ளை என்று தெரியாது. அப்படி ஆனால் மண்ணை ஆவியில் வேகவைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முதல் இலைகளை அளக்க வேண்டாம். கொழுத்த தாய் கொழுத்த விதை கொடுத்திருப்பாள். ஆரம்பகால வேகம் தாய் கொடுத்த சீதனம், மரபணு அல்ல. பின்னால் வரும் இலைகளில் அளங்கள். முடிந்தால் இந்தச் செடிகளின் விதையை மறுபடி விதைத்து, இரண்டாம் தலைமுறையில் அளங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் முன்பு பார்த்தது நெகிழ்வு. அப்படியே நின்றால் விதையில் இருக்கிறது. பாதியாகக் குறைந்தால் இரண்டும்தான், பெரும்பாலும் அப்படித்தான் வரும். விதையில் இருந்தாலும் அது வறட்சிக்காகத் தேர்வானது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆதியில் அங்கே வந்து சேர்ந்த நாலு செடிகள் தற்செயலாக அப்படி இருந்திருக்கலாம். கிழக்குச் செடி கிழக்கிலும் மேற்குச் செடி மேற்கிலும் அதிக விதை தருகிறதா என்று மாற்றி நட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

குப்பைமேனியில் பெரிய வித்தியாசம் கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு விடைதான். லாரி டயர் சேற்றிலும், சந்தைக்குப் போகும் மாட்டின் குளம்பிலும், தேங்காய் மூட்டையிலும் ஒட்டிக்கொண்டு இந்த விதை தினமும் செக்போஸ்ட்டைத் தாண்டுகிறது. அங்கே இருப்பது இங்கே வந்து கலந்துகொண்டே இருந்தால், இரண்டு பக்கமும் தனித்தனியாக விலக இடம் கிடைப்பது கடினம். மரபணு ஓட்டம் என்று பாடத்தில் வருவது இதுதான்.

அதே கணவாயை மலை உச்சியிலிருந்து பாருங்கள். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். உச்சிச் சோலைகளிலேயே வாழும் சின்னஞ்சிறு பறவைக்கு நடுவில் கிடக்கும் சமவெளி கடல் மாதிரி. சோலைக்கிளி என்று பறவை பார்ப்பவர்கள் சொல்வார்கள்; கிளி அல்ல, நீல நிறத்தில் தரையோரமாகத் தத்தித் திரியும் பறவை. கணவாய்க்கு வடக்கே இருப்பதன் விலாப்புறம் செம்பழுப்பு. தெற்கே இருப்பதன் விலா கருநீலம், வயிறு வெள்ளை. இன்று இரண்டும் தனி இனங்கள். 2017-இல் அவற்றைச் சோலிக்கோலா என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள். அதே ஆண்டு சோலைகளின் சிரிப்பான் பறவைகளுக்கும் தனிப் பேரினம் வந்தது. அவற்றிலும் நீலகிரிக்கு ஒன்று, பழனி ஆனைமலைக்கு ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இன்னொன்று. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டிலும் வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் மரபணுவில் பிரிந்து நிற்கின்றன. அவ்வளவு தூரம் நடக்கிற யானையில்கூட, நீலகிரிப் பக்கமும் ஆனைமலை பெரியாறுப் பக்கமும் வேறுபடுவதை 2005-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

அமேசானில் ஆற்றின் இந்தக் கரையில் ஒரு குரங்கும் அந்தக் கரையில் வேறு குரங்கும் இருப்பதை இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ் 1852-இல் எழுதினார். நம்மிடம் அதே பாடத்துக்குத் தண்ணீர் இல்லாத ஆறு ஒன்று இருக்கிறது. பஸ்ஸுக்கும் காற்றுக்கும் குப்பைமேனிக்கும் அது வழி, சோலைக்கிளிக்கு மதில். ஒரு தடை தடையா இல்லையா என்பதை வரைபடம் தீர்மானிப்பதில்லை, கடக்கப் பார்க்கும் உயிரின் உடல் தீர்மானிக்கிறது. அதனால்தான் இலைத்துளையை எண்ணும் யூனிட்டையும் பரிணாம யூனிட்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

விதை சேகரிக்கப் போகும்போது கவரின் மேல் இடம், தேதி, தாய்ச்செடி எண், சாலையிலிருந்து எத்தனை மீட்டர், மண் கரிசலா செம்மண்ணா என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வாளையார் மழையில் ஓடிவிடும், அப்புறம் எந்தக் கவர் எந்தப் பக்கத்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

நன்றி, வணக்கம்.