காட்டுக்குள் போன பிரெஞ்சு வியாபாரி ஏமாற்றுக்காரனா, மாப்பிள்ளையா?

அடுத்த கேள்வி. "கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள் நாலு பாசிமணியைக் கொடுத்துப் பழங்குடிகளிடம் விலை உயர்ந்த தோலை வாங்கி ஏமாற்றினார்கள் என்று படித்தேன். அப்படி லாபம் தந்தவர்களை அவர்கள் அரசே ஏன் தடை செய்தது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இவர்களுக்கு 'கூரெர் தெ புவா' என்று பெயர். காட்டில் ஓடித் திரிகிறவர்கள் என்று பொருள். உரிமம் இல்லாமல் தன் கையை நம்பி உள்ளே போனவர்கள். தேடிப் போனது பீவர் தோலை. ஆற்றில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கு அது. நம் ஊர் நீர்நாய் வேறு, பீவர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் அடிமயிரில்தான் ஐரோப்பியப் பணக்காரர்களின் ஃபெல்ட் தொப்பி, அதாவது மயிரை அழுத்திச் செய்யும் தொப்பி, தயாரானது.

ஏமாற்று என்கிறீர்களே, இதைக் கேளுங்கள். தொப்பிக்காரர்கள் அதிகம் விரும்பியது புதுத் தோலை அல்ல. பழங்குடிகள் ஓரிரு குளிர்காலம் போர்த்திப் பழசாக்கிய தோலை. உடம்பின் எண்ணெய் ஊறி, மேலே இருக்கும் முரட்டு மயிர் தேய்ந்து உதிர்ந்திருக்கும். தொப்பி செய்ய அதுதான் வசதி. போட்டுக் கழித்த போர்வைக்கு இரும்புக் கோடரியும் செம்புப் பாத்திரமும் கிடைத்தால், நஷ்டம் யாருக்கு? பாசிமணி மட்டும் வாங்கிக்கொண்டு போகிற ஆட்கள் இல்லை அவர்கள். தரம் பார்த்து, பேரம் பேசித்தான் வாங்கினார்கள்.

முதலில் இந்த வியாபாரம் வெண்டாட் என்ற பழங்குடி மக்கள் வழியாக நடந்தது. 1649-ல் எதிரிப் பழங்குடிகளான இராக்குவா கூட்டமைப்பு அவர்களை நொறுக்கிவிட்டது. நடுவில் ஆள் இல்லை. அப்புறம்தான் பிரெஞ்சு இளைஞர்கள் தாங்களே பெரிய ஏரிகள் பக்கம் அதிகமாகக் கிளம்பினார்கள்.

அங்கே பணம் இருந்தால் போதாது, உறவு வேண்டும். உறவில்லாத ஆள் அந்நியன். அவனை நம்பி யார் தோல் கொடுப்பார்கள்? அதனால் ஓஜிப்வே, ஒடாவா பழங்குடிக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். பாதிரியார் கிடையாது, அந்த நாட்டு வழக்கப்படி கல்யாணம். மனைவிதான் மொழிபெயர்ப்பாள், பனிக்காலணி பின்னுவாள், மரப்பட்டைப் படகை வேரால் தைத்துப் பிசின் பூசுவாள், தோலைப் பதப்படுத்துவாள். வியாபாரத்தில் பாதி அவள் கையில். பதிலுக்கு மாப்பிள்ளை சும்மா இருக்க முடியாது. மாமனார் வீட்டுக்குப் பரிசு தர வேண்டும், பஞ்ச காலத்தில் கடன் தர வேண்டும். முறை தவறினால் விபரீதம்தான். எத்தியேன் புரூலே என்ற பிரெஞ்சுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் வெண்டாட்களோடு வாழ்ந்தவர். 1633 வாக்கில் அவர்களே அவரைக் கொன்றார்கள், காரணம் சரியாகத் தெரியவில்லை.

இதெல்லாம் இனிமையான கதை என்று நினைத்துவிடாதீர்கள். சாராயத்தைக் கொண்டுபோய்ப் பல ஊர்களைக் கெடுத்தார்கள். ஐரோப்பியர்களோடு வந்த பெரியம்மை கூட்டம் கூட்டமாகக் கொன்றது. மனைவி மக்களை விட்டுவிட்டு மாண்ட்ரியாலுக்குத் திரும்பியவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், தோல் விலையை விட இதுதான் பெரிய அநியாயம்.

சரி, தடைக்கு வருவோம். 1680-ல் சுமார் 800 பேர் காட்டில் இருப்பதாக ஓர் அதிகாரி கணக்குச் சொன்னார். அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் மொத்தமே ஏறக்குறைய பத்தாயிரம் பேர்தான். அப்படியானால் வயலில் யார் உழுவது? சாராயத்தால் பாதிரிகளுக்கும் கோபம். 1681-ல் வருஷத்துக்கு 25 உரிமம், ஓர் உரிமத்துக்கு ஒரு படகு, மூன்று ஆட்கள் என்று கட்டுப்படுத்தினார்கள். தோல் தேங்கிப்போனதால் 1696-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அந்த உரிமத்தையும் நிறுத்தினார். யாரும் கேட்கவில்லை, திருட்டுத்தனமாகப் போனார்கள்.

இந்தக் கெடுபிடி முன்பே ஒருமுறை அவர்களுக்கே வினையாக முடிந்திருக்கிறது. ராதிசோன், குரோசெய்யே என்று இரண்டு பிரெஞ்சு வியாபாரிகள், மைத்துனர்கள். ராதிசோன் இளவயதில் இராக்குவா கூட்டமைப்பைச் சேர்ந்த மோஹாக் மக்களிடம் பிடிபட்டு, சில காலம் அவர்கள் வீட்டுப் பிள்ளையாகவே வாழ்ந்தவர். 1660-ல் இருவரும் சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து படகு படகாகத் தோல் கொண்டுவந்தார்கள். அனுமதி இல்லாமல் போனதற்காக ஆளுநர் அபராதம் போட்டுச் சரக்கிலும் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டார். வெறுத்துப்போன இருவரும் ஆங்கிலேயர்களிடம் போய் வடக்கே ஹட்சன் விரிகுடா வழியாகத் தோல் வியாபாரம் செய்யலாம் என்று வழி காட்டினார்கள். 1670-ல் ஹட்சன் பே கம்பெனி என்ற ஆங்கிலேயத் தோல் வியாபார நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.