சந்தேகத்தைக் கற்றுக்கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பெரிய டெக் நிறுவனங்கள் மீதும், ஆலையில் பதப்படுத்திப் பாக்கெட்டில் வருகிற ஆலை உணவு மீதும் மக்களுக்கு இருக்கிற சந்தேகம் விழிப்பா, வீண் பயமா என்பது தலைப்பு. "அறிவியல் தெரியாதவர்கள்தான் பயப்படுகிறார்கள்" என்று எதிரணித் தலைவர் சொன்னார். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, அறிவியலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1967-ல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. இதய நோய் விஷயத்தில் கொழுப்பைக் குற்றவாளியாகப் பிடித்துக்கொண்டது; சர்க்கரை மீதான குற்றச்சாட்டை லேசாகத் தட்டிவிட்டது. படித்தவர்கள் நம்பினார்கள். அறிவியல் இதழாயிற்றே! அந்தக் கட்டுரைக்குச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பு ஒன்று 6,500 டாலர் கொடுத்திருந்தது, வரைவை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தும் இருந்தது. இதெல்லாம் 2016-ல், யாரோ பழைய கடிதங்களைப் புரட்டியபோதுதான் வெளியே வந்தது. நாற்பத்தொன்பது வருஷம், ஐயா. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து இனிப்பு சாப்பிட்டு சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் போட ஆரம்பித்திருக்கும்.

"அது பழங்கதை" என்பார்கள். 2019-க்கு வருவோம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரைத் தன் மருத்துவமனையிலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலைச் சாப்பாடு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். பரிமாறியதில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலைச் சாப்பாடு போட்ட நாட்களில் சராசரியாக ஒருவருக்குத் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் ஏறியது. இருபது பேர்தானே என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். பாலைக் காய்ச்சிப் பதப்படுத்திய ஆலை எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது என்று அவர்கள் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு சைஸில் அச்சடித்திருப்பதைப் படிக்கக் கூடாதா?

அதே எறும்பு எழுத்து போனிலும் உண்டு. பல இணையதளங்களைத் திறந்ததும் 'குக்கீ', அதாவது நம் இணைய நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் சின்னக் கோப்பு, வேண்டுமா என்று ஒரு பெட்டி குதிக்கும். 'ஏற்கிறேன்' என்பது பளிச்சென்று நிற்கும், ஒரே தட்டு. வேண்டாம் என்றால் அமைப்புகளுக்குள் போய், கீழே இறங்கி, ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது சுலபம், செருப்பைத் தேடித் திரும்புவதுதான் கஷ்டம் என்கிற மாதிரி. இதைக் குறை சொல்வது நான் மட்டுமில்லை. ஏற்பதைப் போல மறுப்பதும் சுலபமாக இல்லை என்று பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. அந்த ஆணையத்துக்குமா அறிவியல் தெரியாது?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். எதிரணித் தலைவர் தன் போனை எடுத்து, இந்த மேடையிலேயே, ஏதாவது ஒரு செயலியில் தன் கணக்கை முழுசாக அழித்துக் காட்டட்டும். அவர் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை எனக்கு இன்னும் ஐந்து நிமிஷம் கொடுத்தால் போதும்.