பெரிய கல்லுக்கு முன்னால் எவ்வளவு பழக வேண்டும்?

வணக்கம் மக்களே. பொங்கல் நெருங்கிவிட்டது. நம்ம நெல்லை மாவட்டத்து வடலிவிளை மாதிரி ஊர்களில் பையன்களும் பெண்களும் பொங்கல் போட்டியில் தூக்குகிற கனமான உருண்டைக் கல்லை, அதாவது இளவட்டக்கல்லை, தூக்கிப் பழகிக்கொண்டிருப்பார்கள். "அண்ணே, கல்லத் தூக்குறதுக்கு முன்னாடி எத்தன தண்டால், எத்தன பஸ்கி எடுக்கணும்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பிசியோதெரபி பார்க்கிறவன் என்பதால், எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். ஒரு தடவை நன்றாக இறுகித் தளர்ந்த தசை கொஞ்ச நேரத்துக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதை ஆட்டுகிற நரம்பும் அப்படித்தான்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். வாசல் நிலைக்குப் பக்கவாட்டில் நின்று, கையைத் தொங்கவிட்டு, புறங்கையால் நிலைக்காலை வெளிப்பக்கமாக அழுத்துங்கள். முழங்கை நீட்டியபடியே இருக்கட்டும். அரை நிமிடம், முடிந்தால் ஒரு நிமிடம், நல்ல பலத்தோடு. சரி, இப்போது விலகி வந்து கையைச் சும்மா விடுங்கள். இந்தா பாருங்கள், ஒன்றிரண்டு நொடி எதுவும் இல்லை, அப்புறம் கை தானாக மேலே ஏறுகிறது! நான் தூக்கவே இல்லை. ஓஸ்கர் கோன்ஸ்டாம் என்ற ஜெர்மன் மருத்துவர் 1915இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த நேரத்தில் தோள் தசையில் மின்முனை ஒட்டிப் பார்த்தால் தசை நிஜமாகவே வேலை செய்துகொண்டிருப்பது தெரியும். நாம் நிறுத்திவிட்டோம் என்று நினைக்கிறோம். நரம்பிலிருந்து கட்டளை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சிலருக்குக் கை ஏறாது. அது கோளாறு இல்லை, பயப்படாதீர்கள்.

இனி தசைக்குள் நடப்பது. தசை இறுகும்போது உள்ளே கால்சியம் வெளிப்படும். அது இறுக்குவதோடு நிற்காமல் ஒரு நொதியையும் தட்டி எழுப்பும். அந்த நொதி, மயோசின் என்ற புரதத்தின் ஒரு சின்னப் பகுதியில் பாஸ்பேட்டைக் கொண்டுபோய் ஒட்டும். உடனே மயோசினின் தலைகள் பக்கத்தில் இருக்கும் ஆக்டின் இழையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து தயாராக நிற்கும். அடுத்த முறை அதே அளவு கால்சியம் வந்தாலும் இழுவை கூடுதலாகக் கிடைக்கும். வேகமாகச் சுருங்கும் நார்களில் இது அதிகம். கல்லை மடியிலிருந்து நெஞ்சுக்கு வெடுக்கென்று ஏற்றும்போது கைகொடுப்பது அந்த நார்கள்தான்.

ஆனால் அதே உழைப்பு களைப்பையும் கொண்டுவருகிறது. இரண்டும் ஒரே தசையில், ஒரே நேரத்தில். கடுமையாகத் தூக்கிய அடுத்த நொடி களைப்புதான் மேலே நிற்கும். அது இறங்கினபிறகுதான் கூடுதல் பலம் தெரியும். மயோசினில் ஏற்பட்ட மாற்றம் சில நிமிடங்களிலேயே மங்கிவிடும். ஐந்து, பத்து நிமிடம் கழித்தும் பலம் கூடுதலாக இருந்தால் அதில் தசையில் ஏறிய சூட்டுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் உட்கார்ந்து காற்று வாங்காமல் மெதுவாக நடந்துகொண்டே இருக்கச் சொல்கிறேன்.

ஆக, நூறு பஸ்கி எடுத்துவிட்டு நேராகப் பெரிய கல்லிடம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. இருக்கிற பலத்தை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். உடம்பு சூடாகும் அளவுக்கு லேசான ஓட்டம், அப்புறம் சின்னக் கல்லை ஒன்றிரண்டு தடவை முழு வேகத்தில் தூக்கிப் போடுவது, பிறகு சில நிமிட இடைவெளி. இது போதும். பல வருடம் பழகினவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குக் களைப்பே முந்திக்கொள்ளும். அவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காலை நீட்டி இழுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மல்லாந்து படுத்துக் காலை உயர்த்தி, குதிகாலால் நண்பரின் தோளை ஐந்தாறு நொடி அழுத்திவிட்டுத் தளர்த்தினால், கால் முன்பைவிட மேலே போகும். தசைநாணில் உள்ள உணர்விகள் தசையை அடக்கிவிடுகின்றன என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்த அடக்கம் அழுத்துவதை நிறுத்தியதும் மறைந்துவிடும். இழுவையைத் தாங்கிக்கொள்ளும் அளவு கூடுவதுதான் முக்கியக் காரணமாகத் தெரிகிறது. இதைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பழகி முடித்தபிறகு. தூக்குவதற்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் பலம் கொஞ்சம் குறையும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நிலைக்காலை அழுத்தும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். மற்றவர்கள் இந்த வாரம் சின்னக் கல்லுக்குப் பிறகு ஒரு நாள் மூன்று நிமிடம், இன்னொரு நாள் ஐந்து, வேறொரு நாள் எட்டு என்று விட்டுப் பாருங்கள். எந்த இடைவெளியில் கல் லேசாக வருகிறதோ அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது ஆளுக்கு ஆள் மாறும்.