வெசனத்தை உள்ளயே அமுக்காதீங்க

வணக்கமுங்க. பேசக் கூப்பிட்ட வானொலிக்காரங்களுக்கு நெம்ப நன்றிங்க. கவுன்சிலிங்குக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு கோவம், பயம், வெசனம் இதெல்லாம் வராம இருக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னுதான் கேக்கறாங்க, அப்படி ஒரு வழி கெடையாதுங்க, மனுசனாப் பொறந்தா இதெல்லாம் வரத்தான் செய்யும்.

சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டற ஒருத்தரை நெனச்சுப் பாருங்க. கூலி ஏறல, கரண்ட் பில்லு ஏறிப்போச்சு, லோன் தவணை வேற. ஊட்டுக்கு வந்தா கொழம்புல உப்பு கம்மின்னு வட்டலைத் தள்ளி உடறாரு. கேட்டா "நான் கோவக்காரனுங்க"ங்கறாரு. செத்த நேரம் பேச உட்டுப் பாத்தா கோவத்துக்கு அடியில பயந்தான் இருக்குது, தறியை எடைக்குப் போட்டுட்டா புள்ளைங்க படிப்பு என்னாவும்ங்கற பயம். அதை ஊட்டுக்காரம்மாகிட்ட "எனக்குப் பயமா இருக்குது அம்மிணி"ன்னு வாயத் தொறந்து சொல்லீட்டா, கூலி ஒண்ணும் ஏறாதுங்க, ஆனா ரெண்டு பேரும் கணக்கு நோட்டை எடுத்து வெச்சு எந்தத் தவணையை மொதல்ல கட்டறதுன்னு பேச ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவுல ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு பேரு 1993ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அருவருப்பான படத்தைப் போட்டுக் காட்டி, முகத்துல எதுவும் காட்டாதீங்கன்னு சிலருகிட்டச் சொன்னாங்க. முகம் அமைதியாத்தான் இருந்துச்சு, உள்ள அருவருப்பு கொறையவே இல்ல, கை வேர்க்கற மாதிரியான பரபரப்புதான் கூடிருச்சு. நம்மூருல ஆம்பளப் பசங்களை அழுவாதடான்னு அதட்டறமே, அது தப்புங்க, அழுவட்டும் உடுங்க.

கோவம் தலைக்கேறுச்சுன்னா பதில் பேசாம வாசலுக்கு வந்து மூச்சை மெதுவா, இழுக்கறதை உட நீளமா வெளிய உடுங்க, நெஞ்சுப் படபடப்பு கொறையும். மறக்கறதுக்குன்னு குடிச்சா மொதல்ல தூக்கம் வரும், நடுராத்திரி முழிப்பு வந்துரும், மறுநாள் வெசனம் இன்னும் கூடித்தான் நிக்கும்.

ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்ல, சோறு எறங்கல, வேலைல மனசு போவலைன்னா அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரைப் பாருங்க. 14416ன்னு டெலி மனஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர் 2022ல இருந்து இருக்குது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்புடலாம், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். செத்துப் போயிரலாம்னு தோணுச்சுன்னா ரெண்டு வாரமெல்லாம் பாக்காதீங்க, அந்த நிமிசமே கூப்புடுங்க. ஊட்டுல யாராச்சும் அப்படிச் சொன்னா, சும்மா சொல்றாங்கன்னு உட்டுறாம தனியா இருக்க உடாதீங்க, நீங்களே நம்பரைப் போட்டுக் குடுங்க.