எழுதினவன் ஏடும் படித்தவன் பாட்டும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, இந்த நூலகத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கித் தந்த பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் என்னை அடித்துப் படிக்க வைத்து, இன்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, வணக்கம். பொன்னாடையோடு வந்த செயலாளரிடம், துணி வேண்டாம், புத்தகமாகக் கொடுங்கள் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வருடம் போர்த்தியதே பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

சுதந்திரம் என்ற சிந்தனையின் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். நான்கு சங்கதி வைத்திருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ஐசாயா பெர்லின் ஒன்று, சிந்தனை வரலாற்றாசிரியர் குவென்டின் ஸ்கின்னர் ஒன்று, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் ஒன்று, அவர் காலத்து எழுத்தாளர் மேரி ஆஸ்டெல் என்ற பெண்மணி ஒன்று.

பெர்லின் 1958 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகப் பொறுப்பேற்ற உரையில் சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்தார். என் வழியில் யாரும் குறுக்கே நிற்காதிருப்பது ஒன்று. என்னை நானே ஆள்வது இன்னொன்று. ஸ்கின்னர் 1997-இல் கேம்பிரிட்ஜில் பேசும்போது வேறொரு கேள்வி கேட்டார். ஓர் அடிமைக்கு நல்ல எஜமான் வாய்க்கிறான். அடிப்பதில்லை, ஏசுவதில்லை, வேளைக்குச் சோறு. அவன் வழியில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. அப்படியென்றால் அவன் சுதந்திரமானவனா? இல்லை என்றது பழைய ரோமச் சட்டம். எஜமானுக்கு நாளைக்கு மனம் மாறலாம் அல்லவா? அடுத்தவன் தயவில் வாழ்வதே அடிமைத்தனம்தான். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னனை எதிர்த்தவர்களின் பேச்சு இதுதான், நாம்தான் மறந்துவிட்டோம் என்றார் ஸ்கின்னர்.

எப்படி மறந்தோம்? நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான். ஸ்கின்னர் 1969-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரத்தைக் கேட்டால் நான் இந்தப் பழமொழியின் பின்பாதியைத்தான் சொல்வேன். பழைய நூலைத் திறந்து நம் காலத்துக் கேள்விக்கு அதில் பதில் தேடாதே. அவர் யாருக்குப் பதில் சொன்னார், எந்த வருடம், எந்தச் சண்டையின் நடுவில் என்று பார். அவ்வளவுதான்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஆல்ஜெர்னான் சிட்னி என்று ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. மன்னன் இரண்டாம் சார்லஸைக் கொல்லச் சதி என்று சொல்லி 1683-இல் பிடித்தார்கள். ராஜத்துரோக வழக்குக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது சட்டம். கிடைத்தது ஒரே சாட்சி, அதுவும் நம் ஊர் அப்ரூவர் மாதிரி கூட்டத்திலிருந்தே பிரிந்துவந்த ஹோவர்டு பிரபு. இன்னொரு சாட்சிக்கு எங்கே போவது? பிடிக்கப் போனபோது வீட்டில் ஒரு கையெழுத்துக் கட்டு அகப்பட்டது. மன்னனின் அதிகாரம் ஆதாமிடமிருந்து அப்பன் சொத்து மாதிரி இறங்கி வந்தது என்று ராபர்ட் ஃபில்மர் எழுதியிருந்தாரே, அதற்கு மறுப்பு. அச்சாகவில்லை, முடியக்கூட இல்லை. தலைமை நீதிபதி ஜெஃப்ரிஸ் லத்தீனில் ஒரு வரி சொன்னார்: எழுதுவதும் செய்வதே. ஆக, அந்தக் கட்டே இரண்டாவது சாட்சி! யோசித்துப் பாருங்கள் ஐயா, மேசைமேல் கிடந்த காகிதம் கூண்டேறி எஜமானுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வீட்டுக்குள் இருந்த காகிதம், யாருக்கும் காட்டாதது என்று சிட்னி வாதாடிப் பார்த்தார். டிசம்பர் 7 அன்று தலையை வெட்டினார்கள். புத்தகம் 1698-இல்தான் வெளிவந்தது.

அதே ஃபில்மருக்கு அதே காலத்தில் மறுப்பு எழுதிக்கொண்டிருந்த இன்னொருவர் ஜான் லாக். வழக்கு நடக்கும்போது அவர் ஹாலந்துக்குத் தப்பிவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கடிதங்களில் "பிரெஞ்சு நோய்" என்ற மருத்துவ நூல் போலக் குறிப்பிட்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட்டின் ஊகம். நம் வைத்தியர்கள் பரங்கிப்புண் என்கிறார்களே, அந்த நோய்தான். யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்! 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' என்ற அந்த நூல் 1689 கடைசியில் வந்தது, எழுதியவர் பெயர் போடாமல். நான்தான் எழுதினேன் என்று அவர் ஒப்புக்கொண்டது 1704-இல், உயிலின் பிற்சேர்க்கையில்.

1688-இல் இங்கிலாந்தில் மன்னனை மாற்றினார்களே, அதை நியாயப்படுத்த லாக் எழுதிய நூல் இது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான். 1960-இல் லாஸ்லெட் போட்ட பதிப்பு அதைப் புரட்டிப்போட்டது. பெரும்பகுதி 1680-ஐ ஒட்டியே எழுதியாகிவிட்டது என்றார். வருடத்தை அங்கே இங்கே நகர்த்திச் சண்டை போடுகிறார்கள். 1688-க்கு முந்தியது என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். முடிந்துபோன காரியத்துக்குக் கட்டிய மாலை இல்லை அது, தலை போகும் நேரத்தில் எழுதியது.

இதை லாஸ்லெட் எதை வைத்துச் சொன்னார் தெரியுமா? லாக் எந்தப் புத்தகத்தை எப்போது வைத்திருந்தார், ஃபில்மரின் எந்தப் பதிப்பிலிருந்து பக்க எண் கொடுக்கிறார் என்பதையெல்லாம் வைத்து. லாக்கிடம் 3600-க்கு மேல் நூல்கள். வாங்கிய விலையைப் பதினோராம் பக்கத்தில் குறித்து வைக்கும் கணக்குப்பிள்ளை புத்தி. அவர் இறந்தபின் பாதி ஒரு குடும்பத்துக்கும் பாதி இன்னொரு குடும்பத்துக்கும் போனது. ஒரு பாதி பெரும்பாலும் சிதறிப் போயிற்று. மறுபாதியில் கணிசமான நூல்கள் தப்பி, ஸ்காட்லாந்து மலைப்பக்கத்து வீடொன்றில் இருந்தன. இன்று அவை ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன.

சரி, நான் எங்கே வருகிறேன் என்று தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தெரிந்துவிட்டது, சிரிக்கிறார். எழுதினவன் கெடுத்தாலும் படித்தவன் கெடுத்தாலும் திருத்திக்கொள்ளலாம். எடைக்கடை கெடுத்தால்? எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அலமாரி காலி. நான் கடைக்கு ஓடியபோது மூன்று கட்டு மிச்சம், கிலோ கணக்கில் வாங்கிவந்தேன். ஒன்றில் அவருடைய நோட்டு: எந்தப் புத்தகம், எந்தத் தேதி, எந்தக் கடை. அதில் எழுதியிருந்த புத்தகங்கள்தான் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவரும் எடைக்குப் போட்டிருந்தால்?

செயலாளர் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார். மேரி ஆஸ்டெல் 1706-இல் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆண்கள் எல்லாரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றால், பெண்கள் எல்லாரும் அடிமையாகப் பிறப்பது எப்படி? அம்மா அவர்கள் கை தட்டுகிறார்கள். பதிலை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

வாசல் மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் தாத்தாவின் பெட்டி, அப்பாவின் அலமாரி இருப்பவர்கள் தெருப் பெயரை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு மாணவர்களும் வந்து பட்டியல் எடுத்துக் கொடுக்கிறோம். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும், டீ மட்டும் போதும். முதல் வரியை விழாத் தலைவர் ஐயாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வணக்கம்.