பதில் வராத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கோ நிலம் அதிர்ந்தது, ஆறு கரை உடைத்தது, புயல் கரையேறியது என்று செய்தி வந்ததும் நம் கை முதலில் போனைத்தான் தேடும். அந்த ஊரில் சொந்தமோ நட்போ உள்ள அத்தனை பேர் கையும் அதே நிமிடம் அதைத்தான் செய்கிறது. ஊருக்குள் இருப்பவர்களும் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள். ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகளைத்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது, அங்குள்ள போன் நிறுவனங்கள் குரல் அழைப்புகளில் 70 முதல் 95 சதவீதம் வரை தடுத்து வைத்தன. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் வழி விட்டாக வேண்டுமே. ஆனால் இணையம் வழியாகப் போகும் செய்திகளுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இருக்கவில்லை.

குரல் அழைப்புக்கு இரண்டு முனையிலும் வழி ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும், பேசி முடிக்கும்வரை திறந்தே இருக்க வேண்டும். குறுஞ்செய்திக்கு அந்தத் தேவை இல்லை. நெரிசலில் இடைவெளி கிடைக்கும்வரை காத்திருந்து, கிடைத்ததும் போய்ச் சேர்ந்துவிடும். எதிர்முனையில் இருப்பவரின் போன் அணைந்திருந்தாலும் வலையமைப்பிலேயே தங்கியிருந்து, அவர் திரும்ப இயக்கியதும் கையில் விழும். அதனால் பேரிடர் நேரத்தில் முதலில் எழுதுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள்.

எழுதுவது என்றால் என்ன எழுதுவது? “பத்திரமா?” என்று நாற்பது பேர் கேட்டால் அந்த மனிதர் நாற்பது முறை பதில் எழுத வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் இருக்கிற சார்ஜெல்லாம் நம் அக்கறைக்கே செலவாகிவிடும். ஆகவே கேள்வி வரும்வரை காத்திருக்காமல், ஆபத்தில் இருப்பவர் தானாகவே ஒரு தகவலை அனுப்பிவிடுவது நல்லது. இரண்டாம் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கம் வழியாக, பிரிந்த குடும்பங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பின. ஒரு தாளுக்கு 25 சொல்தான் அனுமதி, அதுவும் குடும்பச் செய்தி மட்டும். அந்த அளவுகோல் இன்றைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. “நாங்கள் மூவரும் நலம். பள்ளிக்கூட மாடியில் இருக்கிறோம். அடுத்த செய்தி மாலை 6 மணிக்கு. அழைக்க வேண்டாம்.” எண்ணிப் பாருங்கள், 25 சொல்லில் பாதிதான் ஆகிறது. எத்தனை பேர், எங்கே, எப்படி, அடுத்து எப்போது எல்லாம் வந்துவிட்டது. செய்தி எழுதிய நேரத்தையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஒருவர் அனுப்பி ஒருவர் அனுப்பி மறுநாள் நம்மிடம் வரும் செய்தி, நேற்றையதா இன்றையதா என்று தெரியாமல் ஆளைப் பதறவைக்கும்.

இந்தச் செய்தி போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும், அவர் வெளியூர்க்காரராக இருந்தால் உத்தமம். உங்கள் ஊரில் மின்சாரம் போகும்போது அவர் வீட்டில் விளக்கு எரியும். பதற்றத்துக்கு வெளியே இருப்பதால் நிதானமாக எழுதிவைத்துக்கொள்வார். அப்பா அவரிடம் சொல்லட்டும், மகளும் அவரிடமே சொல்லட்டும், மற்ற சொந்தக்காரர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவர் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். இன்று நம்மில் பலருக்குக் கட்டிய துணையின் எண்ணே மனப்பாடமாகத் தெரியாது. போன் அணைந்தால் எண்ணும் போச்சு.

ஜப்பானில் இதை ஓர் ஏற்பாடாகவே செய்து வைத்திருக்கிறார்கள். 1995 ஜனவரியில் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள், தொலைபேசிகள் திணறிப்போயின. அதன் பிறகு 1998-இல் 171 என்ற எண் வந்தது. அதை அழைத்து, வீட்டுத் தொலைபேசி எண்ணை அழுத்தி, தான் எங்கே இருக்கிறேன் என்று குரலில் பதிந்து வைக்கலாம். தேடுபவர் அதே எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் யார் வேண்டுமானாலும் அதைப் பழகிப் பார்க்கலாம் என்பது. கை பழகாத எதுவும் பதற்றத்தில் உதவாது.

2010-இல் ஹெய்தி நிலநடுக்கத்தின்போது கூகுள் ஆள் தேடும் பக்கம் ஒன்றைத் திறந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில், முகாம்களின் சுவரில் கையால் எழுதி ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல்களை மக்கள் படம் எடுத்து அனுப்ப, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து அதில் ஏற்றினார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. ஃபேஸ்புக்கும் 2014-இல் ‘நான் பத்திரம்’ என்று குறிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. நல்ல வசதிகள்தான். ஆனால் இவை அத்தனையும் பதில் சொல்ல முடிந்தவருக்கான வசதிகள்.

பதில் சொல்ல முடியாதவர் என்ன ஆனார்? நான் இன்று பேச வந்தது முக்கியமாக அவரைப் பற்றித்தான்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் கடும் வெப்ப அலை. வழக்கமாக நிகழும் இறப்புகளைவிட 739 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன. அவர்களில் ஏராளமானோர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கட்டடம் எதுவும் இடியவில்லை, வெள்ளம் எதுவும் வரவில்லை. திருட்டுப் பயத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு, யாரும் வந்து எட்டிப் பார்க்காத அறைக்குள்ளேயே பலர் இறந்துபோனார்கள். 1999-இல் அங்கே மறுபடி வெப்ப அலை வந்தபோது, நகர நிர்வாகம் தனியாக வாழும் முதியவர்களுக்குப் போன் செய்தது, வீடுகளுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தது. இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. பிரான்சில் 2003 ஆகஸ்ட் வெப்ப அலை சுமார் 15,000 பேரைக் கொண்டுபோனது. மறு ஆண்டே அங்கே சட்டம் வந்தது: உதவி வேண்டும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் பெயரை நகராட்சியில் பதிந்துவைக்கலாம், எச்சரிக்கை நாட்களில் அவர்களைத் தொடர்புகொள்ள அந்தப் பதிவேடு பயன்படும்.

வெயில் காட்சிக்கு வராத பேரிடர். தொலைக்காட்சியில் காட்ட ஒன்றுமில்லை, அதனால் யாருக்கும் போன் செய்யவும் தோன்றுவதில்லை. புயலுக்கு விசாரிக்கும் நாம் வெயிலுக்கும் விசாரிக்க வேண்டும். அதிலும் “எப்படி இருக்கீங்க பாட்டி?” என்று கேட்டால், “எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்” என்றுதான் பதில் வரும். பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை அது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள், சன்னல் திறந்திருக்கிறதா, இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா, சிறுநீர் சரியாகப் போகிறதா? பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ, அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். போனை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவசர உதவியை அழைத்துவிட்டு, அவர் பக்கத்தில் இருக்கும் ஒருவரை உடனே அனுப்ப வேண்டும்.

அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் யார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கோபேயில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். மீட்புப் படை வந்து சேர்வதற்குள் அவர்கள் கையாலேயே ஓடுகளை அகற்றினார்கள். இந்த வீட்டில் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்று அண்டை வீட்டாருக்குத்தானே தெரியும்? ஜப்பானில் சில பகுதிகளில், நிலநடுக்கம் நின்றதும் வீட்டு வாசலில் மஞ்சள் கொடியோ துணியோ கட்டுகிறார்கள். ‘நாங்கள் பத்திரம், அடுத்த வீட்டைப் பாருங்கள்’ என்று அதற்கு அர்த்தம். துணி தொங்காத வீட்டுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நமக்கெல்லாம் பதில் வந்தவரோடு பேசிக்கொண்டிருப்பது சுகமாக இருக்கிறது, பதில் வராதவரின் பெயர் பட்டியலில் கீழே போய்விடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேர் கைகூப்பி நன்றி சொல்லும்போது, வாய் திறக்காத அந்த ஐம்பத்தொன்றாவது ஆள் யார் என்று ஒருவராவது பார்க்க வேண்டும்.

தேடிப் போகிறவர் தன் உயிரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் வெள்ளத்தில் இறங்கக் கூடாது, அறுந்த மின்கம்பியை நெருங்கக் கூடாது, எங்கே போகிறேன் என்று யாரிடமாவது சொல்லாமல் கிளம்பக் கூடாது. முடியாது என்று தெரிந்தால் வீட்டு அடையாளம், உள்ளே எத்தனை பேர், படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா என்பதை மீட்புப் படையிடம் தெளிவாகச் சொல்வதே பெரிய உதவி.

கடைசியாக ஒன்று. பதற்றத்தில், “இந்த முகவரியில் வயதானவர் தனியாக இருக்கிறார், யாராவது போய்ப் பாருங்கள்” என்று முழு விவரத்தையும் பொதுவெளியில் போட்டுவிடுகிறோம். கெட்ட எண்ணம் உள்ளவனும் அதைப் படிப்பான். முகவரியை உதவிக்குப் போகிறவரிடம் தனியாகக் கொடுங்கள். ஆளைக் காணவில்லை என்று போட்ட செய்தியை, ஆள் கிடைத்த அடுத்த நிமிடமே எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் ‘கிடைத்துவிட்டார்’ என்று தேதி, நேரத்தோடு அதன் கீழேயே எழுதுங்கள். மீட்புப் படையிடம் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் மாமா முகாமில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு படகு அவரைத் தேடிக்கொண்டிருந்தால், அந்தப் படகு வேறொரு வீட்டுக்குப் போகவில்லை என்று பொருள்.

வணக்கம்.