பூக்களின் பள்ளத்தாக்கு: இந்தத் தடவை இரண்டு நாளைச் சும்மா விட்டிருக்கிறேன்

வணக்கம் மக்களே. பின்னால் ஒரு சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள், அவர்கள் நிறுத்தும் வரை காத்திருந்தால் வீடியோ அடுத்த வாரம்தான் வரும், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது. கோவையில் என் வீட்டு ஹாலில் தரையில் மேப்பை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஆடி மாதம் உத்தராகண்டில் இருக்கிற பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறேன். வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ் என்று சொன்னால்தான் பாதிப் பேருக்குப் புரியும், சரி, அதுவேதான்.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே இடத்துக்குத்தான் கிளம்பினேன். ஏன் அந்த வீடியோ வரவே இல்லை என்று இன்னும் கேட்கிறீர்கள். போய்ச் சேரவில்லை, அதனால் வரவில்லை. ஒரு ஏஜென்ட் ஆறு நாளுக்குக் கச்சிதமாக ஒரு பிளான் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நானும் அதைப் பார்த்து அப்படியே மயங்கிவிட்டேன். போகிற மலை ரோட்டில் பீப்பல்கோட்டி என்ற ஊர் தாண்டி பாகல் நாலா என்று ஓர் இடம் வரும், பாகல் என்றால் பைத்தியம், பைத்தியக்கார ஓடை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். மழை பெய்து மலை சரிந்து ரோட்டில் கிடக்கிறது. எனக்கு முன்னால் நூறு வண்டியாவது நின்றிருக்கும். பொக்லைன் வந்து மண்ணை ஒதுக்குவதற்குள் ஒரு ராத்திரியும் ஒன்றரைப் பகலும் போய்விட்டது. வழி திறந்தபோது கையில் மிச்சம் இருந்தது திரும்பி வருவதற்கான நாள் மட்டும். டெல்லி ஃப்ளைட்டை விடக்கூடாது என்று, திறந்த ரோட்டில் மேலே போகாமல் கீழே இறங்கி வந்தவன் நான்.

அப்படியானால் மழை இல்லாத மாதத்தில் போக வேண்டியதுதானே என்று கமெண்டில் போடுவீர்கள். அங்கேதான் சிக்கல். பூங்கா திறந்திருப்பதே ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான், மற்ற மாதமெல்லாம் பனி. ஜூனில் போனால் ரோடு ஓரளவு நன்றாக இருக்கும், ஆனால் பள்ளத்தாக்கில் பனி உருகிக்கொண்டிருக்கும், பூ இப்போதுதான் தலை நீட்டும். செப்டம்பர் பாதிக்கு மேல் போனால் வானம் கண்ணாடி மாதிரி, சிகரமெல்லாம் தெரியும், ஆனால் செடி காய்ந்து பழுப்பாகிவிடும். அங்கே இருக்கிற செடிகளுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு மாதம்தான், அதற்குள் முளைத்து, பூத்து, விதை போட்டுவிட வேண்டும், அதனால்தான் மழை இறங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துப்பிடித்துப் பூக்கின்றன. உச்சம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவு வரை. நம்ம கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஆடி ஒன்று முதல் ஆடி முப்பது வரை, அவ்வளவு சுலபம். பூவைக் கொண்டு வருகிற அதே மழைதான் ரோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அதனால் இந்தத் தடவை பிளானில் நான் முதலில் எழுதியது எதுவும் செய்யாத இரண்டு நாள். ஊர், ஹோட்டல், டிக்கெட் எல்லாம் அப்புறம். ரோடு அடைந்துபோனால் ஈடுகட்ட, மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள். வீட்டில் அம்மா, சும்மா இருக்க எதற்குடா அவ்வளவு தூரம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

சரி, மேப்பைக் காட்டுகிறேன், கேமரா கொஞ்சம் ஆடும். இதோ ரிஷிகேஷ். டெல்லி வரைக்கும் ஃப்ளைட், அங்கிருந்து ராத்திரி பஸ், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். 250தானே, நாலு மணி நேரம் என்று நம்ம பைபாஸ் கணக்கைப் போடாதீர்கள், மலை ரோடு, பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையிலேயே பஸ்ஸும் ஷேர் ஜீப்பும் கிளம்பிவிடும், அதை விட்டால் அன்றைய நாள் போச்சு, ஏனென்றால் இரவில் அந்த மலை ரோட்டில் வண்டி ஓட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. ஜோஷிமட் என்றால் 2023 ஜனவரியில் வீடுகளெல்லாம் விரிசல் விட்டு நியூஸில் வந்ததே, அந்த ஊர்தான். இப்போது அரசு அதற்கு ஜோதிர்மட் என்று பெயர் மாற்றியிருக்கிறது, போர்டில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.

இந்த ரோடு நம்ம ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிது இல்லை. என் பெரியத்தை 108 திவ்யதேசக் கணக்கை முடிக்கப் பத்ரிநாத் போனது இதே வழியில்தான். நடுவில் தேவப்ரயாகை வரும், பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்து கங்கை என்று பெயர் மாறுகிற இடம், அதுவும் திவ்யதேசம், நம்ம ஆழ்வார் பாடிய திருக்கண்டம் கடிநகர். நான் பிளான் போடுகிறேன் என்றதும் அத்தை கேட்ட ஒரே கேள்வி, பத்ரி போகாமலா வருவாய்? ஜோஷிமட் தாண்டி நான் போகப்போகிற கோவிந்த்காட் என்ற ஊரிலிருந்து பத்ரிநாத் இன்னும் 25 கிலோமீட்டர்தான். அத்தை, நீங்கள் இதைப் பார்த்தால், மேலே ஒதுக்கிய நாள் மிச்சமானால் நிச்சயம் போகிறேன்.

ஜோஷிமட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் கோவிந்த்காட். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஜீப்பில் புல்னா, அதோடு ரோடு முடிந்தது. இனிமேல் நடை. பத்து கிலோமீட்டர் ஏறினால் காங்கரியா, ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரம், நம்ம தொட்டபெட்டாவை விட நானூறு மீட்டருக்கு மேல் உசத்தி. முடியாதவர்களுக்கு மட்டக்குதிரை உண்டு, வானம் தெளிவாக இருந்தால் ஹெலிகாப்டரும் உண்டு. எனக்கு இரண்டும் வேண்டாம். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறி இறங்கியவர்களுக்கு இந்தப் பாதை பயமுறுத்தாது, படி அந்த அளவுக்குச் செங்குத்து இல்லை, ஆனால் மூச்சு வேறு மாதிரி வாங்கும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தலைவலி, வாந்தி வந்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

காங்கரியாவில்தான் தங்க வேண்டும், பூங்காவுக்குள் தங்க யாரையும் விடமாட்டார்கள். காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்குள் வெளியே வரச் சொல்லிவிடுவார்கள். உள்ளே கடை கிடையாது, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், கவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளத்தாக்குக்கு நான் இரண்டு தடவை போகப் போகிறேன், முதல் நாள் மூடுபனியில் ஒன்றும் தெரியாமல் போனாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும். நடுவில் ஒரு நாள் ஹேம்குண்ட் சாஹிப். 4,300 மீட்டருக்கு மேலே ஏரிக்கரையில் சீக்கியர்களின் குருத்வாரா, செங்குத்தான ஏற்றம், பிரம்ம கமலம் பார்க்க வேண்டும் என்றால் பள்ளத்தாக்கை விட அந்த ஏற்றத்தில்தான் கிடைக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கு வெளியுலகுக்குத் தெரிந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1931இல் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறி, காமெட் சிகரம் ஏறிவிட்டு இறங்கும்போது மழையில் ஒதுங்கப் போய்த்தான் இதைப் பார்த்திருக்கிறார். பார்த்தீர்களா, அவரும் மழையில் மாட்டியவர்தான். அவர் எழுதியதைப் படித்துவிட்டு 1939இல் ஜோன் மார்கரெட் லெக் என்ற தாவரவியல்காரர் பூ சேகரிக்க வந்து, பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். அவருடைய கல்லறை உள்ளேயே இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். பாறை ஈரமாக இருந்தால் செல்ஃபி எடுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும்தான்.

அப்புறம் ஒன்று. 1982இல் தேசியப் பூங்கா ஆனதும் ஆடு மேய்ப்பதைத் தடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பாலிகோனம் என்ற ஒரு முரட்டுச் செடி பரவி மற்ற பூச்செடிகளை மூடிவிட, வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. ஆடு மேய்ந்திருந்தால் இது இவ்வளவு வளர்ந்திருக்காது என்று ஒரு கட்சி, மேய்ந்தால் அரிய செடியும் போய்விடும் என்று இன்னொரு கட்சி. மேய்ப்பவரிடம் கேட்காமல் நான் ஒரு பக்கம் சாய மாட்டேன். யாராவது பழைய மேய்ப்பர் அகப்பட்டால் பேசிப் பதிவு செய்ய ஆசை. என் ஹிந்தியை வைத்துக்கொண்டு அது எப்படி நடக்கும் என்பது வேறு விஷயம்.

பையைக் காட்டச் சொன்னீர்கள். ஜீன்ஸ் இல்லை, நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. மழைக்கோட்டு, பைக்கு மேல் போட ஓர் உறை, காலுறை மட்டும் ஆறு ஜோடி, பவர் பேங்க் இரண்டு. ரொக்கத்தை ஜோஷிமட்டிலேயே எடுத்துவிடுவேன், மேலே ஏடிஎம்மை நம்பிப் போகவில்லை. சிக்னலையும் நம்பவில்லை, அதனால் நாலைந்து நாள் என்னிடமிருந்து சத்தம் வராது, காணாமல் போனேன் என்று யாரும் போஸ்ட் போடாதீர்கள். மொத்தச் செலவு எவ்வளவு என்பதைப் போய்வந்து பில்லை வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

டெல்லியிலிருந்து திரும்பும் டிக்கெட் மட்டும் இன்னும் போடவில்லை. தேதி மாற்றிக்கொள்ளும் வகையில் எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய் அதிகம் காட்டுகிறது, நேற்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இதோ, உங்கள் முன்னாலேயே போட்டுவிடுகிறேன். ஓடிபி வரட்டும், கேமராவைத் திருப்பிவைக்கிறேன்.